ஒரு லைன், இரண்டு பழைய கம்ப்யூட்டர், இருபது மீட்டர் கேபிள்

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தங்கை இறங்கி வருகிறாள் என்று அர்த்தம். வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்பாள். "அஞ்சு நிமிஷம்" என்பேன். அவள் போக மாட்டாள். பின்னால் ஒருத்தர் நின்றுகொண்டிருக்கும்போது எந்த மெயிலையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவார். அவருக்குப் பங்கு விலை பார்க்க வேண்டும். 2006-ம் வருடம், திருச்சி உறையூரில் எங்கள் வீட்டில் பிராட்பேண்ட் வந்த முதல் மாதம் இப்படித்தான் போனது.

இத்தனைக்கும் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கீழே கூடத்தில் பென்டியம் 4, 256 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. மாடியில் தங்கையின் அறையில் அதற்கு முந்தைய தலைமுறை: பென்டியம் 3, 128 எம்பி ரேம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. அது நான் கல்லூரி படித்த காலத்தில் வாங்கியது. ஆன் செய்தால் ஹார்டுடிஸ்க் கிரைண்டர் மாதிரி கத்தும். ஆனால் தட்டச்சுக்கும் சி புரோகிராம் எழுதவும் தங்கைக்கு அது போதுமாக இருந்தது. இணையம் மட்டும்தான் இல்லை.

ஒரு லைனை இரண்டு மெஷினுக்குப் பிரிக்கலாம் என்று தெரியும். வயர்லெஸ் ரூட்டர் கடையில் இருந்தது. விலை மூவாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அதோடு மாடி மெஷினுக்கு ஒரு வயர்லெஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸ் 98-க்குக் கிடைக்குமா என்பது அடுத்த சந்தேகம். "அந்த மெஷினே மூவாயிரம் பெறாதேப்பா" என்றார் அப்பா. நியாயம்தான். எக்ஸ்பியிலேயே இணைப்பைப் பகிரும் வசதி இருப்பது ஞாபகம் வந்தது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி அது. கீழ் மெஷின் இணையத்தை வாங்கி மேல் மெஷினுக்குக் கொடுக்கும். செலவு இரண்டு நெட்வொர்க் கார்டு, ஒரு கேபிள். அரைநாள் வேலை என்று நினைத்து ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். முழுதாக முடிய மூன்று வாரம் ஆனது.

ஏன் இரண்டு கார்டு என்று தங்கை கேட்டாள். கீழ் மெஷினின் மதர்போர்டில் ஏற்கெனவே ஒரு லேன் போர்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் இடம், இருந்தது. ஆனால் அதில் போன் லைனிலிருந்து இணையத்தை வாங்கும் மோடம் செருகியிருக்கிறது. மாடிக்குப் போகும் கேபிளுக்கு இன்னொரு வாசல் வேண்டும். அதற்கு ஒரு கார்டு, மேல் மெஷினுக்கு ஒரு கார்டு. தில்லைநகரில் ஒரு கடையில் ரியல்டெக் 8139 சிப் போட்ட கார்டு ஒன்று இருநூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய மெஷினுக்குக் கார்டு வாங்குகிறவர்கள் பெட்டியின் மேலே இருக்கும் பெயரைப் பார்ப்பதைவிடச் சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. டிரைவர் சிப்புக்குத்தான். 8139-க்கு எக்ஸ்பியிலேயே டிரைவர் இருந்தது, 98-க்குக் கார்டோடு வந்த ஃபிளாப்பியில் இருந்தது. வேகத்தைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். எங்கள் லைன் 256 கேபிபிஎஸ். 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி அவ்வளவு இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். கார்டோ 100 எம்பிபிஎஸ். வாய்க்காலில் வருவது ஒரு சொம்புத் தண்ணீர், குழாய் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன?

முதல் தப்பு கேபிளில் நடந்தது. கடைக்காரரிடம் "இருபது மீட்டர் லேன் கேபிள், ரெண்டு முனையும் கிரிம்ப் பண்ணிக் கொடுங்க" என்றேன். அவரும் செய்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் செருகினேன். கார்டின் பின்னால் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு இரண்டு பக்கமும் எரியவில்லை. கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டேன், டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், மதியச் சாப்பாடு ஆறியது. சாயங்காலம் கேபிளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கே போனேன். "என்ன சார், மோடத்துக்கா, சுவிட்ச்சுக்கா?" என்றார். "ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல" என்றேன். தலையில் தட்டிக்கொண்டார். "அத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? அதுக்கு கிராஸ் கேபிள்ல வேணும்!"

அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேபிளுக்குள் எட்டு கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் கார்டு அதில் இரண்டு ஜோடியைத்தான் பயன்படுத்தும், ஒன்றில் பேசும், ஒன்றில் கேட்கும். பேசுவது 1, 2 என்ற கம்பிகளில், கேட்பது 3, 6 என்ற கம்பிகளில். நேர்க் கேபிளில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கம்பியில் வாயை வைத்துக்கொண்டு, ஒரே கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் சுவிட்ச், அதாவது பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி, இருந்தால் அது மாற்றிக் கொடுக்கும். நேரடியாக இணைத்தால் கேபிளிலேயே மாற்ற வேண்டும். ஒரு முனையில் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மறுமுனையில் ஆரஞ்சு ஜோடி இருந்த இடத்தில் பச்சை ஜோடி, பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு. நீலமும் பழுப்பும் அப்படியே. ஒரே ஒரு முனையை வெட்டி மறுபடி அடித்தால் போதும். பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். பின்னால் வந்த போர்ட்கள் எந்தக் கேபிள் என்று தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய கார்டு அப்படியில்லை.

கேபிளை மாடிக்குக் கொண்டுபோனது தனிக் கதை. படிக்கட்டு வழியாக விட்டால் அம்மா தடுக்கி விழுவாள். ஜன்னல் வழியாக விட்டால் ஜன்னல் மூடாது. கடைசியில் கூடத்து வெண்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து, சுவரோரம் ஏற்றி, மாடி வெண்டிலேட்டரில் நுழைத்தேன். ஒன்றே ஒன்று கவனமாகச் செய்தேன், பக்கத்தில் போகும் கரண்ட் பைப்போடு சேர்த்துக் கட்டவில்லை. ஆணி அடிக்கும்போது கேபிளை நசுக்கக் கூடாது, மூலையில் முழங்கை மாதிரி மடக்கக் கூடாது, வளைத்துத்தான் விட வேண்டும். இதெல்லாம் கடைக்காரர் சொன்னது. எலியைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து மேல் வெண்டிலேட்டர் பக்கத்தில் எலி கடித்துவிட்டது. அந்த ஓரடியை வெட்டிப் போட்டுப் புது முனை அடித்தோம். அதனால்தான் சொல்கிறேன், தேவையான நீளத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் கூட வாங்கிச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை விளக்கு எரிந்தது. இனி மென்பொருள்தானே என்று நினைத்தேன்.

விண்டோஸ் 98-ல் நெட்வொர்க் போட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அசைவுக்கும் அது இரண்டு விஷயம் கேட்கும். ஒன்று, விண்டோஸ் சிடி. இரண்டு, ரீஸ்டார்ட். நெட்வொர்க்கில் மெஷினின் முகவரியான ஐபி எண்ணை மாற்றினால் ரீஸ்டார்ட். கம்ப்யூட்டர் பெயரை மாற்றினால் ரீஸ்டார்ட். அந்த மெஷின் ஒருமுறை எழுந்து உட்கார மூன்று நிமிடம் ஆகும். சிடி டிரைவோ பாதி நேரம் படிக்காது. தங்கைதான் வழி கண்டுபிடித்தாள்: சிடியிலிருந்த வின்98 ஃபோல்டர் முழுவதையும் ஒருமுறை பொறுமையாக ஹார்டுடிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, சிடி கேட்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டரைக் காட்டுவது. ஓரளவு இடம் போனது, ஆனால் பாதி எரிச்சல் தீர்ந்தது.

கீழே எக்ஸ்பியில் நான் வேறு ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். நெட்வொர்க் அமைக்க உதவும் விசார்டை ஓட்டினேன். இரண்டு லேன் கார்டு இருப்பதைப் பார்த்ததும் இரண்டையும் பாலம் போட்டு இணைக்கட்டுமா என்று கேட்டது. பெயரே அழகாக இருக்கிறதே என்று சரி கொடுத்துவிட்டேன். இருந்த இணையமும் போனது. பாலம் போட்டால் மோடம் பக்கமும் மாடிப் பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: இரண்டு பக்கமும் தனித்தனி நெட்வொர்க்காக இருக்க வேண்டும், நடுவில் எக்ஸ்பி வாசலில் நின்று வாங்கிக் கொடுக்க வேண்டும். பாலத்தை அழித்துவிட்டு, விசார்டை மறந்துவிட்டு, கையால் செய்தேன். பிராட்பேண்ட் இணைப்பின் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு தாவலில், மற்றவர்களும் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் ஒரு டிக். எந்தக் கார்டு வழியாகக் கொடுக்க என்று கேட்கும் இடத்தில் மாடிக்குப் போகும் கார்டு. அவ்வளவுதான். இதைச் செய்தவுடன் எக்ஸ்பி அந்தக் கார்டுக்கு 192.168.0.1 என்ற எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும். மேலே இருக்கும் மெஷின் எண்ணைத் தானாகப் பெறும் அமைப்பில் இருந்தால் 192.168.0 என்று தொடங்கும் ஒரு எண் அதற்குக் கிடைக்கும். எங்கள் மோடத்தின் எண் 192.168.1.1, அதனால் மோதவில்லை. சில மோடங்களே 192.168.0.1 என்ற எண்ணோடு வரும். அப்படியிருந்தால் முதலில் மோடத்தின் எண்ணை மாற்றிவிட வேண்டும்.

இரண்டு கார்டையும் அடையாளம் தெரிவதற்காக 'மோடம்', 'மாடி' என்று பெயர் மாற்றி வைத்தேன். 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்', 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் 2' என்று இருந்தபோது நான்கு முறை தப்பான கார்டில் மாற்றம் செய்திருக்கிறேன்.

அன்று இரவு மாடியில் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் ஒரு எண் வந்திருந்தது. ஏதோ எண் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அது சந்தோஷப்படும் எண் இல்லை. எண் கொடுக்க யாரும் இல்லாதபோது கம்ப்யூட்டர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. 98-ல் வின்ஐபிசிஎஃப்ஜி என்று ரன் பெட்டியில் அடித்தால் எண்ணைக் காட்டும் சின்ன ஜன்னல் வரும், அதில் விடுவித்து மறுபடி வாங்கும் பொத்தான்கள் உண்டு. வாங்கினேன், மறுபடியும் 169.254. காரணம் கீழ் மெஷினில் நான் தனியாகப் போட்டிருந்த ஃபயர்வால் மென்பொருள். எக்ஸ்பியின் சொந்த ஃபயர்வால் தன் பகிர்வுக்குத் தானே வழிவிடும். நான் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து எடுத்துப் போட்ட இலவச ஃபயர்வாலுக்கு மாடி மெஷின் அந்நியன். 192.168.0 வரிசையை நம்பலாம் என்று அதனிடம் சொன்ன பிறகு எண் வந்தது.

இந்த அலைச்சலில் பிடிபட்ட ஒரு பழக்கம் எனக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது. இணையம் வரவில்லை என்றால் பிரவுசரை வெறித்துப் பார்ப்பதில்லை. கீழிருந்து மேலே போவேன். முதலில் கார்டில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிள், வேறு எதையும் தொடாதே. எரிகிறதென்றால் எண் என்ன? 169.254 என்றால் கொடுப்பவரோடு பேச்சு இல்லை. எண் சரியென்றால் 192.168.0.1-ஐ பிங் செய், அதாவது இருக்கிறாயா என்று ஒரு குரல் கொடுத்துப் பார். பதில் வந்தால், வெளியே ஏதாவது ஒரு எண்ணை பிங் செய். அதுவும் வந்தால் ஒரு தளத்தின் பெயரைப் பிங் செய். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் வில்லன், லைன் நன்றாக இருக்கிறது. சில இடங்களில் ஃபயர்வால் பிங்கை மட்டும் விழுங்கிவிடும், அதனால் ஒரு படியில் பதில் இல்லையென்றால் ஃபயர்வாலை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம். உடனே திரும்பப் போட மறக்கக் கூடாது. பிளாஸ்டர், சாசர் என்ற கம்ப்யூட்டர் புழுக்கள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஃபயர்வால் இல்லாத எக்ஸ்பியை இணையத்தில் விட்டால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாடியில் கூகுள் திறந்தது. தங்கை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

சந்தோஷம் திங்கட்கிழமை வரைதான். "அண்ணா, கூகுள் வருது, மெயில் வருது, காலேஜ் ரிசல்ட் பக்கம் மட்டும் வர மாட்டேங்குது" என்றாள். கீழே என் மெஷினில் அதே பக்கம் உடனே திறந்தது. மேலே பாதித் தலைப்பு வந்து, மணல் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் வங்கிப் பக்கமும் அப்படியே. தளம் செத்திருந்தால் கீழேயும் வரக் கூடாது. லைன் செத்திருந்தால் எதுவுமே வரக் கூடாது. என் ஏணியில் எல்லாப் படியும் சரியாக இருந்தது. பிரவுசரை மாற்றினேன், குக்கியை அழித்தேன், 98-ஐயே மறுபடி நிறுவும் யோசனை வரைக்கும் போய்விட்டேன். இரண்டு வாரம் போனது இதில்தான்.

காரணம் எட்டே எட்டு பைட். கேபிளில் போகும் ஒரு தகவல் பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட் இருக்கலாம். ஆனால் மோடத்துக்கு அந்தப்பக்கம் பிபிபிஓஇ என்ற முறையில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணைகிறோமே, அந்த முறை ஒவ்வொரு பொட்டலத்தையும் தன் உறையில் போட்டு அனுப்பும். உறைக்கு 8 பைட். ஆக உள்ளே இருக்கும் சரக்கு 1492-க்கு மேல் இருக்கக் கூடாது. எக்ஸ்பி இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக 1480 என்று வைத்துக்கொள்ளும், தளங்களிடமும் அப்படியே சொல்லிவிடும். அதனால் என் மெஷினில் சிக்கல் இல்லை. மாடி மெஷினுக்கு இந்த உறை விஷயமே தெரியாது. தன் கேபிளில் 1500 போகும், எனவே முழுசாகவே அனுப்பு என்று தளத்திடம் சொல்கிறது. தளமும் அனுப்புகிறது. இடையில் எங்கள் லைனின் வாசலில் அது நுழையவில்லை. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு" என்று ஒரு தகவல் திரும்பிப் போகும். பல தளங்கள் அதைக் கேட்டுக்கொண்டு சின்னதாக அனுப்பும். சில தளங்களின் வாசலில் இருக்கும் காவல் அந்தத் தகவலையே உள்ளே விடாது. தளம் அனுப்பிக்கொண்டே இருக்கும், இங்கே வந்து சேராது. மணல் கடிகாரம் ஓடும்.

இதைச் சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. கீழ் மெஷினில் பிங் கட்டளையோடு இரண்டு குறிகள் சேர்க்க வேண்டும்: பொட்டலத்தை உடைக்காதே என்பதற்கு எஃப், அளவைச் சொல்ல எல். 1472 என்று கொடுத்தேன், உடைக்காமல் அனுப்ப முடியாது என்றது. குறைத்துக்கொண்டே வந்தேன். 1452-ல் பதில் வந்தது, 1453-ல் வரவில்லை. பிங்குக்கே தலைப்புச் செலவு 28 பைட், அதைக் கூட்டினால் 1480. கணக்கு சரியாக வந்து விழுந்தபோது கிடைத்த திருப்தி கொஞ்சநஞ்சமில்லை. மேல் மெஷினுக்கு டாக்டர் டிசிபி என்ற சின்ன இலவச மென்பொருளை ஃபிளாப்பியில் எடுத்துப் போய், அந்தக் கார்டின் எம்டியு அளவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, 1480 என்று மாற்றி, வழக்கம்போல ரீஸ்டார்ட். ரிசல்ட் பக்கம் திறந்தது. தங்கை ஒரு பேப்பரில் அரியர் வைத்திருந்தாள். அது மட்டும் கொஞ்ச நாள் திறக்காமலே இருந்திருக்கலாம் என்றாள்.

இதற்கிடையில் இன்னொரு மர்மம். தினமும் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் இணைப்பு இரண்டு மூன்று முறை அறுந்து அறுந்து வரும். நான் எக்ஸ்பி பகிர்வைத்தான் சந்தேகப்பட்டேன். அம்மாதான் சொன்னாள், "உங்க பெரியம்மா போன் பண்ணும்போதெல்லாம் நீ மோடத்தைத் திட்டுற." உண்மை. போன் லைனில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போகும், அதே கம்பியில் இணையம் கொண்டுவரும் டிஎஸ்எல் அதற்கு மேலே போகும். இரண்டையும் பிரிக்க ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி. எங்கள் வீட்டில் ஸ்பிளிட்டர் கூடத்தில் இருந்தது. ஆனால் தாத்தா காலத்தில் போட்ட ஒரு பேரலல் போன் அதற்கு முன்னாலேயே பிரிந்து உள்ளறைக்குப் போயிருந்தது. மணி அடித்தாலோ ரிசீவரை எடுத்தாலோ அந்தப் போன் இணைப்பைக் குலைத்துவிடும். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்பிளிட்டரை வைத்து, எல்லாப் போனையும் அதன் போன் வாசலிலிருந்து எடுத்தவுடன் பிரச்சினை போய்விட்டது. ஒரு லைனில் ஏதாவது ஒரு போன் வடிகட்டாமல் தொங்கினாலும் போதும், இரண்டு கம்ப்யூட்டரையும் தூங்கவிடாது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் உண்மையான பகிர்வுச் சண்டை ஆரம்பித்தது. எங்கள் திட்டத்தில் மாதம் 1 ஜிபி. அதற்கு மேல் போனால் எம்பிக்கு இவ்வளவு என்று தனியாக. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லை. ஒருவர் மட்டும் பயன்படுத்தியபோது 1 ஜிபி தாராளம். இரண்டு மெஷின், மூன்று ஆள் என்றானதும் இரண்டாவது மாத பில் எழுநூறு ரூபாய் கூடுதலாக வந்தது. அப்பா பில்லை மேசை மேல் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போனார், அது திட்டுவதைவிட மோசம். தேடிப் பார்த்ததில் ஆளைவிட மெஷின்கள்தான் அதிகம் தின்றிருந்தன. எக்ஸ்பியின் தானியங்கி அப்டேட், இரண்டு மெஷினிலும் ஆன்டிவைரஸ் அப்டேட், ஒருமுறை நான் பகலில் இறக்கிய 266 எம்பி சர்வீஸ் பேக் 2. அதைவிட, இணைப்பு இல்லாதபோது மாடி மெஷின் கேட்டால் தானாக டயல் செய்யலாம் என்ற வசதியை நான் இயக்கி வைத்திருந்தேன். தங்கை மெசஞ்சரை மூடாமல் கல்லூரிக்குப் போவாள், அது பகல் முழுக்க இணைப்பை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

தானாக டயல் செய்வதை நிறுத்தினேன். அப்டேட்களை அதிகாலை மூன்று மணிக்கு மாற்றினேன். மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டினோம், இதுவரை இத்தனை எம்பி என்று. ரேஷன் கார்டு என்று அதற்குப் பெயர் வைத்தாள் தங்கை. அந்தத் தாள் எந்த மென்பொருளையும்விட நன்றாக வேலை செய்தது.

இரவு நேர இலவசத்திலும் ஒரு வேடிக்கை இருந்தது. 256 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 32 கேபி. ஆறு மணி நேரத்துக்கு, லைன் ஒரு நொடிகூடச் சறுக்காமல் ஓடினால், 675 எம்பி. நான் இறக்க ஆசைப்பட்ட உபுண்டு 6.06 என்ற லினக்ஸ் சிடி ஏறக்குறைய 700 எம்பி. யாரோ அளந்து வைத்த மாதிரி கொஞ்சமாகக் குறையும்! விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜர் போட்டு இரண்டு இரவில் இறக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, கேட்டால் உபுண்டுக்காரர்களே தபாலில் இலவசமாகச் சிடி அனுப்புவார்கள் என்று.

2007 ஐப்பசியில் ஒரு இடி. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். யுபிஎஸ் கரண்ட் வழியாக வருவதைத்தான் தடுக்கும். இது போன் கம்பி வழியாக வந்தது. மோடம் போனது, மோடத்தோடு கேபிளில் கட்டியிருந்த மதர்போர்டு லேன் போர்ட்டும் போனது. மாடிக்குப் போகும் கார்டு தப்பித்தது. அன்றிலிருந்து வானம் உறுமினால் முதலில் கழற்றுவது போன் வயரை, அப்புறம்தான் கரண்ட் பிளக்கை. இது இன்றும் போன் கம்பியில் இணையம் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும்.

அந்த இடியால் ஒரு நல்லதும் நடந்தது. புது மோடத்தை ரூட்டராகவே இயங்க வைக்கலாம் என்று லைன்மேன் சொன்னார். பழைய மோடத்திலும் அது முடிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மோடத்துக்குள்ளேயே போய்விடும், டயல் செய்வது அதன் வேலை. ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்று ஐநூறு ரூபாய்க்குள் வாங்கி, மோடம், கீழ் மெஷின், மேல் மெஷின் மூன்றையும் அதில் செருகினேன். எக்ஸ்பியில் பகிர்வை எடுத்துவிட்டேன். மேல் மெஷினுக்கு இணையம் வேண்டுமென்றால் கீழ் மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. அதுவரை தங்கை அசைன்மென்ட் முடிக்கும் வரை, ஆளில்லாத கூடத்தில் பென்டியம் 4 தன்னந்தனியாக அனல் கக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கரண்ட் பில்லிலும் வித்தியாசம் தெரிந்தது. ஒரே ஒரு வேலை மறக்கக் கூடாதது: மோடத்தின் அமைப்புப் பக்கத்துக்கு அட்மின், அட்மின் என்றே பெயரும் பாஸ்வேர்டும் போட்டு வரும், முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

இப்போதும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு, பரணில் இரண்டு பழைய மெஷின் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இணைத்துக் கொடுக்கலாமா என்று. இணைக்கலாம். ரூட்டர் மலிவாகிவிட்ட நாளில் ஒரு மெஷினை இன்னொன்றுக்குக் காவல்காரனாக உட்காரவைக்கத் தேவையில்லை, இரண்டையும் நேராக ரூட்டரில் கேபிளால் செருகுங்கள். எக்ஸ்பி பகிர்வில் 192.168.0.1 என்று படித்துவிட்டு விண்டோஸ் 7-லோ 10-லோ தேடாதீர்கள், அவற்றில் அந்த எண் 192.168.137.1. விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு 2006 ஜூலையிலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் முடிந்தது. அந்த மெஷின்களில் இன்றைய தளங்கள் பல திறக்கவே திறக்காது, திறந்தாலும் வங்கி வேலை எதையும் அதில் வைத்துக்கொள்ளக் கூடாது. நினைவகம் இடம் கொடுத்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டு இணைப்பதே என் யோசனை.

பென்டியம் 3 பழைய இரும்புக்காரரிடம் போய்ப் பல வருடம் ஆகிறது. தங்கை கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கேபிள் மட்டும் வெண்டிலேட்டரிலிருந்து வெண்டிலேட்டருக்கு இன்னும் போகிறது. போன வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கழற்றிவிடலாம் என்று நினைத்து ஏணியைத் தேடினேன். அதற்குள் பெயின்டர் சுவரோடு சேர்த்து அதன் மேலும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டிருந்தார்.